பொய் என்று முதலில் முடிவு செய்வது யார்? சிங்கப்பூரின் பத்திரிகைச் சட்டங்கள், திருப்பூரிலிருந்து பார்த்தால்

கோவை, திருப்பூர்ப் பக்கம் பேக்கரியில் டீயோடு சிங்கப்பூர் பேச்சு வந்தால் இரண்டு கருத்தில் ஒன்று நிச்சயம் காதில் விழும். "அங்க பொய்ச் செய்தி போட்டுட்டு ஒருத்தன் தப்பிக்க முடியுமா? நேரா உள்ளதானுங்க" என்று ஒருவர் மெச்சுவார். "அட, அங்க பத்திரிகையே கவர்மென்ட்டுதானே நடத்துது" என்று இன்னொருவர் முடித்துவிடுவார்.

இரண்டிலும் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் சிங்கப்பூரில் செய்திக்காகச் சிறைக்குப் போனவர்கள் குறைவு. பத்திரிகைகளை அரசு நேரடியாக நடத்தவும் இல்லை. கைது, சீல் வைப்பு எதுவும் பெரிதாக இல்லாமலேயே பத்திரிகை அடங்கி நடக்கும்படி சட்டத்தை அமைத்திருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, அதே சட்டம் நமக்கும் வேண்டும் என்று கேட்பவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

கொங்கு நாட்டுக்கு இது தூரத்து விஷயமில்லை. கோவை விமான நிலையத்திலிருந்து நேராக சிங்கப்பூருக்கு விமானம் போகிறது. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. இந்தச் சட்டங்களின் வரலாற்றில் எல்லாப் பக்கத்திலும் தமிழ்ப் பெயர்கள் நிற்கின்றன: சட்டம் போட்டவர், பத்திரிகை நிறுவனத்தை நடத்தியவர், அபராதம் கட்டியவர், திவாலானவர் என்று.

அடிப்படை: பேச்சுரிமையின் அளவை வைப்பது யார்?

இந்திய அரசியலமைப்பில் பிரிவு 19(1)(அ) குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக எழுதப்படவில்லை. அது இதற்குள் அடக்கம் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 19(2) வரம்புகளைச் சொல்கிறது. அந்த வரம்பு 'நியாயமானதாக' இருக்க வேண்டும், நியாயமா இல்லையா என்று பார்ப்பது நீதிமன்றம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சென்னை வழக்கு இருக்கிறது. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் தன் எல்லைக்குள் வரக்கூடாது என்று 1950-ல் சென்னை மாகாண அரசு தடை போட்டது. ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மறு வருடமே முதல் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு என்ற புதிய வரம்பும் 'நியாயமான' என்ற நிபந்தனையும் அதில் சேர்ந்தே நுழைந்தன.

சிங்கப்பூர் அரசியலமைப்பின் பிரிவு 14-ம் குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. பாதுகாப்பு, பிற நாடுகளோடு நட்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு என்று வரம்புப் பட்டியலும் கிட்டத்தட்ட நம்முடையதுதான். வித்தியாசம் ஓரிடத்தில். முதல் நான்குக்கும், எந்தக் கட்டுப்பாடு தேவை அல்லது பொருத்தம் என்று நாடாளுமன்றம் கருதுகிறதோ அதைப் போடலாம் என்று இருக்கிறது. நியாயமா என்று நீதிபதி எடை போடுவதற்கான இடம் அங்கே சிறியது. 1959-லிருந்து ஆட்சியில் இருப்பது மக்கள் செயல் கட்சி ஒன்றே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாடாளுமன்றம் கருதுவது என்றால் நடைமுறையில் யார் கருதுவது என்று புரிந்துவிடும்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

அரசு சொல்லும் காரணத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோ என்ற சிறுமி வழக்கில் கலவரம் வெடித்து 18 பேர் இறந்தார்கள். முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த அந்த டச்சுப் பெண்ணை நீதிமன்றம் பெற்றோரிடம் ஒப்படைக்கச் சொன்னது. அவள் கன்னிமாடத்தில் இருப்பதுபோன்ற படங்களைப் பத்திரிகைகள் போட்டன, ஊர் பற்றிக்கொண்டது. 1964-ல் சீனர் மலாய்க்காரர் கலவரம். சீனர், மலாய்க்காரர், இந்தியர் நெருக்கியடித்து வாழும் ஒரு தீவில் ஒரு புகைப்படம் உயிரை எடுக்கும் என்பது அவர்களுக்கு நேரில் கண்ட அனுபவம்.

1971-ல் இந்த அச்சம் வேறு பக்கம் திரும்பியது. 'நன்யாங் சியாங் பாவ்' என்ற சீன நாளிதழின் நிர்வாகிகள் நால்வர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார்கள். 'சிங்கப்பூர் ஹெரால்டு' உரிமம் பறிக்கப்பட்டது. 'ஈஸ்டர்ன் சன்' மூடப்பட்டது. வெளிநாட்டுப் பணம், இனவாதம் என்று குற்றச்சாட்டு. அதே ஆண்டு ஜூனில் ஹெல்சிங்கியில் உலகப் பத்திரிகை ஆசிரியர்கள் முன்னால் அப்போதைய சிங்கப்பூர் பிரதமர் லீ குவான் யூ ஒளிவு மறைவில்லாமல் பேசினார்: நாட்டின் ஒருமைப்பாட்டுக்கும், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் நோக்கத்துக்கும் பத்திரிகைச் சுதந்திரம் கீழ்ப்படிந்ததாகவே இருக்க வேண்டும் என்றார். இன்றைக்கும் அங்கே கொள்கை அதுதான்.

ஆனால் ஆசிரியர்களைப் பிடித்து உள்ளே போடுவது ஒரு அரசுக்கு அழகாக இருக்காது. மூன்று வருடத்தில் வேறு வழி கண்டுபிடித்தார்கள்.

1974: அனுமதிச் சீட்டும் இருநூறு ஓட்டும்

செய்தித்தாள் மற்றும் அச்சகச் சட்டம், 1974. இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

1. அச்சிட அனுமதி வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நம்மூரில் பத்திரிகை தொடங்குவது பதிவு செய்யும் விஷயம். 1867-ம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய பதிவுச் சட்டத்திலும் அடிப்படை பதிவுதான். அங்கே அது அனுமதி. கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

2. ஒரு குடும்பமோ தனி முதலாளியோ நாளிதழை வைத்திருக்க முடியாது. செய்தித்தாள் நிறுவனம் பொதுப் பங்கு நிறுவனமாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒருவர் பங்கு வைத்திருக்க அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டுப் பணத்துக்கும் கட்டுப்பாடு உண்டு.

3. பங்குகள் இரண்டு வகை. சாதாரணப் பங்கு, நிர்வாகப் பங்கு. நிர்வாகப் பங்கை அரசு ஒப்புதல் பெற்றவர்கள் மட்டுமே வைத்திருக்கலாம்.

மூன்றாவது சங்கதியில்தான் சூட்சுமம். பங்குக் கணக்கு தெரிந்த ஊர்க்காரர்களுக்கு நம்மூர் உதாரணத்திலேயே சொல்கிறேன். பல்லடத்தில் ஒரு ஸ்பின்னிங் மில். மொத்தம் 100 பங்கு. 99 பங்கு ஊர்க்காரர்கள் கையில், 1 பங்கு மட்டும் வேறொருவரிடம். லாபம் பிரிக்கும்போது அவருக்கு நூற்றில் ஒன்றுதான். ஆனால் மேனேஜரை வைப்பதா நீக்குவதா என்று ஓட்டெடுப்பு வந்தால் அந்த ஒரு பங்குக்கு 200 ஓட்டு. 99 பேரும் ஒன்றாகக் கை தூக்கினாலும் தோற்பார்கள்.

அச்சு அசலாக இதுதான் சட்டம். இயக்குநர்களையும் பணியாளர்களையும் நியமிக்கும், நீக்கும் தீர்மானங்களில் ஒரு நிர்வாகப் பங்குக்கு 200 வாக்கு. 1984-ல் பெரிய பத்திரிகை நிறுவனங்கள் ஒன்றிணைந்து உருவான சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸில் நிர்வாகப் பங்கு மொத்தத்தில் 1 சதவீதம் அளவுக்குத்தான் இருந்தது. அது பெரும்பாலும் வங்கி, காப்பீடு போன்ற பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. ஆசிரியர் நாற்காலியில் யார் உட்காருவது என்பதை அந்த ஒரு சதவீதம் முடிவு செய்யலாம். தினமும் அறைக்குள் தணிக்கை அதிகாரி உட்கார வேண்டிய அவசியம் பிறகு எதற்கு?

பின்னாளில் சிங்கப்பூரின் அதிபராக இருந்த எஸ். ஆர். நாதன் 1982 முதல் 1988 வரை ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனத்தின் செயல் தலைவர். அதற்கு முன்பு பாதுகாப்பு உளவுப் பிரிவின் தலைமையிலும் வெளியுறவு அமைச்சிலும் இருந்த மூத்த அதிகாரி. எந்த ஊரிலிருந்து ஆள் வந்தார் என்பதைவிட எந்த அறையிலிருந்து வந்தார் என்பதைப் பாருங்கள்.

1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு'வும் 1990-களில் இதே நிறுவனத்துக்குள் வந்துவிட்டது. சிங்கப்பூரின் ஒரே தமிழ் நாளிதழ் அதுதான். விளம்பர வருமானம் சரிந்ததால் 2021-ல் இந்த நிறுவனம் தன் பத்திரிகைப் பிரிவை லாப நோக்கமில்லாத எஸ்பிஹெச் மீடியா டிரஸ்டுக்கு மாற்றியது. அதன் முதல் தலைவர் முன்னாள் அமைச்சர் காவ் பூன் வான். ஆண்டுக்கு 18 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்பார்கள்) வரை ஐந்து ஆண்டுகள் தருவதாக 2022-ல் அரசு அறிவித்தது. நம் பணத்தில் வருடத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். தமிழ்ப் பத்திரிகை விற்று லாபம் பார்ப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் அந்த உதவியைக் குறை சொல்ல யோசிப்பார்கள். அந்த உதவி இல்லாவிட்டால் அங்கே தமிழ் நாளிதழே இருக்காமல் போகலாம். இருந்தாலும், சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது தலையங்கம் எழுதுபவருக்கு மறக்காது.

வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு 1986-ல் தனித் திருத்தம் வந்தது. உள்நாட்டு அரசியலில் தலையிடுவதாக அரசு கருதினால் தடை செய்யாமல், விற்கும் பிரதிகளின் எண்ணிக்கையை மட்டும் வெட்டலாம். 'ஏஷியன் வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' 5,000 பிரதியிலிருந்து 400-க்கு இறங்கியது. தடை இல்லை, படிக்கவும் செய்யலாம், விளம்பரக் காசு மட்டும் போய்விடும். வியாபாரிகள் நாட்டுக்கே உரிய தண்டனை.

இணையம் வந்த பிறகு 2013-ல் அதற்கும் உரிமம். மாதம் 50,000 சிங்கப்பூர் வாசகர்களைத் தொடும் செய்தித் தளம் 50,000 வெள்ளி பிணைத்தொகை கட்ட வேண்டும். எடு என்று சொன்னால் 24 மணி நேரத்தில் எடுக்க வேண்டும்.

அவதூறு: பணத்தால் வரும் கட்டுப்பாடு

அனுமதி, பங்கு எல்லாம் செய்தி வெளிவருவதற்கு முந்தைய ஏற்பாடு. வெளிவந்த பிறகு வேலை செய்வது அவதூறுச் சட்டம், அதிலும் சிவில் வழக்கு. தலைவர்கள் தங்கள் பெயருக்குக் களங்கம் என்று வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்குவது அங்கே பழகிப்போன விஷயம்.

இதில் தமிழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று. பாட்டாளிக் கட்சியின் பத்திரிகை 'தி ஹேமர்'. 1995-ல் அதில் தமிழில் ஒரு கட்டுரை வந்தது. தமிழ் மொழி வாரத்தை நடத்திய ஏற்பாட்டுக் குழுவை விமர்சித்த கட்டுரை. ஏற்பாட்டாளர்கள் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். கட்சியின் பொதுச் செயலாளர் ஜே. பி. ஜெயரத்தினம் நஷ்டஈட்டுத் தவணையைச் சரியாகக் கட்ட முடியாமல் 2001-ல் திவாலானவராக அறிவிக்கப்பட்டார். திவாலானவர் நாடாளுமன்றத்தில் இருக்க முடியாது; உறுப்பினர் பதவி போனது. அந்நாட்டின் மிகப் பழைய எதிர்க்கட்சிக் குரல்களில் ஒன்று ஒரு தமிழ் விழாவைப் பற்றிய தமிழ்க் கட்டுரையால் அவையிலிருந்து வெளியேறியது. எதிர்க்கட்சியைச் சிறையில் போட்டால் உலகம் கேள்வி கேட்கும். தவணை தவறினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. அரசியல் வாரிசுகள் பற்றிய ஒரு கட்டுரைக்காக 'இன்டர்நேஷனல் ஹெரால்டு டிரிப்யூன்' தரப்பு 2010-ல் மன்னிப்புக் கேட்டு 1,60,000 வெள்ளி கொடுத்தது. 'தி ஆன்லைன் சிட்டிசன்' தளத்தின் ஆசிரியர் டெரி சூ, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்குக்கு 2,10,000 வெள்ளி தர வேண்டும் என்று 2021-ல் தீர்ப்பு. அது நம் பணத்தில் ஒரு கோடிக்கு மேல். அந்த ஆண்டு அக்டோபரிலேயே, நிதி எங்கிருந்து வருகிறது என்று விவரம் தரவில்லை என்று தளத்தின் உரிமமும் ரத்தானது.

நம்மூரில் நிலைமை தலைகீழ். இங்கே சிவில் நஷ்டஈடு பெரிதாக வராது, வழக்கும் முடியாது. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356-ன்படி அவதூறு இன்னும் கிரிமினல் குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. கிரிமினல் அவதூறு செல்லும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இங்கே தண்டனை கடைசியில் வருவதில்லை. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு அலைவதே தண்டனை. தமிழ்நாட்டில் ஆட்சியில் இருப்பவர்கள் சார்பில் அரசு வழக்கறிஞர் மூலமாகவே பத்திரிகை ஆசிரியர்கள் மீது போடப்பட்ட இப்படிப்பட்ட வழக்குகள் பலவற்றை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

அதிகாரபூர்வ ரகசியச் சட்டத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நம்முடைய 1923 சட்டமும் அவர்களுடையதும் ஒரே பிரிட்டிஷ் விதை. ஒரு வழக்கு மட்டும். 1992-ல் பொருளாதார வளர்ச்சி மதிப்பீடு ஒன்று அரசு அறிவிக்கும் முன்பே 'பிசினஸ் டைம்ஸ்' இதழில் வந்துவிட்டது. ராணுவ ரகசியமோ அணுகுண்டு வரைபடமோ கிடையாது, வளர்ச்சி விகிதம் ஒரு எண். ஆசிரியர் உட்பட ஐந்து பேர் மீது வழக்கு. அதில் நாணய வாரிய (அங்கத்து மத்திய வங்கி) அதிகாரி ஒருவர், எண்ணைச் சொன்னார் என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டு, அஜாக்கிரதையாக இருந்ததற்காக 1,500 வெள்ளி அபராதம் கட்டினார். அவர் தர்மன் சண்முகரத்னம், 2023 முதல் சிங்கப்பூரின் அதிபர்.

பொஃப்மா: 2019-ல் வந்த சட்டம்

பேக்கரியில் மெச்சப்படுவது உண்மையில் இதுதான். பொஃப்மா என்பது ஆங்கிலப் பெயரின் சுருக்கம். இணையவழிப் பொய்களுக்கு எதிரான இந்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்து வாதாடியவர் அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகம். 2019 மே மாதம் நிறைவேறி அக்டோபர் 2-ல் நடைமுறைக்கு வந்தது. வேலை செய்யும் வரிசை இது:

1. இணையத்தில் வந்த ஒரு கூற்று பொய் என்றும், நடவடிக்கை எடுப்பது பொதுநலனுக்கு ஏற்றது என்றும் எந்த அமைச்சரும் முடிவு செய்யலாம். தகவல் மட்டுமே இதில் வரும், கருத்து வராது.

2. அமைச்சர் உத்தரவு போடுவார். பெரும்பாலும் அது திருத்த உத்தரவு. பதிவை அழிக்கச் சொல்வதில்லை. இது பொய் என்று ஒரு அறிவிப்பை அதன்மேல் ஒட்டி, அரசு விளக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கச் சொல்வார்கள். நீக்கச் சொல்லவும், கேட்காவிட்டால் தளத்தை முடக்கவும் தனி உத்தரவுகள் உண்டு.

3. தேர்தல் காலத்தில் மட்டும் இந்த அதிகாரம் அமைச்சர்களிடமிருந்து மூத்த அதிகாரிகளுக்குப் போகும்.

4. உத்தரவு தவறு என்றால் முதலில் அதே அமைச்சரிடமே மனு. அவர் மறுத்தால் உயர் நீதிமன்றம். அதுவரை ஒட்டியது ஒட்டியபடியே இருக்க வேண்டும்.

5. உத்தரவை மதிக்காத தனிநபருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. தெரிந்தே, பொதுநலனுக்குக் கேடாகும் பொய்யைப் பரப்பியதாக நீதிமன்றத்தில் நிரூபணமானால் 5 வருடம் வரை.

முதல் உத்தரவு 2019 நவம்பர் 25-ல் வந்தது. வாங்கியவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த பிராட் போயர். அந்த வாரமே வேறொரு பதிவுக்காக ஃபேஸ்புக்குக்கே ஒரு உத்தரவு போனது. ஃபேஸ்புக் அந்தப் பதிவின் கீழே ஒட்டிய அறிவிப்பு வக்கீல் பார்த்துப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தது: இந்தப் பதிவில் பொய்த் தகவல் இருப்பதாகச் சிங்கப்பூர் அரசு சொல்கிறது என்று உங்களிடம் சொல்ல நாங்கள் சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறோம். பொய் என்று ஃபேஸ்புக் சொல்லவில்லை. அரசு சொல்கிறது என்று மட்டும் சொன்னது.

சட்டத்துக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும். மேல்முறையீடு ஒன்பது நாளில் நீதிமன்றத்தை எட்டிவிடலாம் என்றார் சண்முகம், செலவும் குறைவு. பதிவு அழியாமல் அப்படியே இருப்பதால் வாசகர் இரு தரப்பையும் படித்துத் தானே முடிவு செய்யலாம் என்பது அரசின் வாதம். நம்மூரில் ஒரு வீடியோவை முடக்கினால் எதற்கு முடக்கினார்கள் என்றே தெரியாது. அந்த வகையில் இது மேல்தான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு தகவலில் பெரும்பாலும் ஒரு தரப்பாக இருப்பது அரசே. விமர்சிக்கப்படுபவரும் பொய் என்று முதலில் முடிவு செய்பவரும் ஒருவரே ஆகிவிடுகிறார். நீதிமன்றம் இருக்கிறது, ஆனால் இரண்டாவதாகத்தான் வருகிறது. பொய் இல்லை என்று காட்ட வேண்டியது யார் பொறுப்பு என்பதில் 2020-ல் உயர் நீதிமன்ற நீதிபதிகளே இரண்டு விதமாகச் சொன்னார்கள். சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று 2021 அக்டோபரில் தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பொறுப்பு உத்தரவை எதிர்ப்பவருடையது என்று முடித்தது. அரசு அலுவலகத்துக்குள் இருக்கும் கோப்பை வெளியிலிருந்து எழுதும் நிருபர் எதைக் கொண்டு நிரூபிப்பார்?

தைப்பூசமும் திருப்பூரும்

இதற்கு எதிர்வாதம் வலுவானது. இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் 2015 தைப்பூச ஊர்வலத்தில் மேளம் அடித்தது தொடர்பாகப் போலீசாருக்கும் பக்தர்களுக்கும் தள்ளுமுள்ளு நடந்தது. பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும் நம்மவர்களுக்கு அங்கே வெகுகாலம் ஊர்வலத்தில் மேளத்துக்குத் தடை இருந்தது என்பதே ஆச்சரியமாக இருக்கும். ஒரு பிலிப்பினோ குடும்பம் புகார் கொடுத்ததால்தான் இந்தத் தகராறு என்று 'தி ரியல் சிங்கப்பூர்' என்ற தளம் எழுதியது. அது பொய். வெளிநாட்டுத் தொழிலாளர் மீது எரிச்சல் இருந்த நேரத்தில் இப்படி எழுதினால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் விளம்பரக் காசு வரும். தளத்தை நடத்திய தம்பதிக்கு 2016-ல் தேசத்துரோகச் சட்டத்தில் சிறை.

இங்கே 2023 மார்ச். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் பீகார் முழுக்கச் சுற்றின. பரவிய இரண்டு வீடியோக்களைப் பற்றி அப்போதைய டிஜிபி சொன்னது: ஒன்று பீகார் தொழிலாளர்களே இரு கோஷ்டியாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவர் சண்டை. அதற்குள் ஹோலி வேறு. திருப்பூர், கோவை ரயில் நிலையங்களில் கூட்டம். பனியன் கம்பெனிக்காரர்கள் ஆளில்லாமல் ஆர்டரை என்ன செய்வது என்று தலையில் கை வைத்தார்கள். போலீஸ் ஹிந்தியில் அறிவிப்பு வெளியிட்டது, பீகார் அரசு குழு அனுப்பிப் பார்த்தது. ஹிந்தி நாளிதழ் ஆசிரியர் ஒருவர் மீதும் யூடியூபர் ஒருவர் மீதும் தமிழ்நாட்டுப் போலீஸ் வழக்குப் போட்டது. யூடியூபர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் வரைக்கும் போனது.

அப்போது திருப்பூரில் பொஃப்மா இருந்திருந்தால்? அன்றைக்கே ஒரு திருத்த அறிவிப்பு அந்த வீடியோ மேல் ஒட்டியிருக்கும். ஒருவரை மாதக்கணக்கில் தடுப்புக் காவலில் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். இந்த வாதத்தை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது கடினம்.

சரி, அதே கோவையில் 2020 ஏப்ரலைப் பாருங்கள். கொரோனா ஊரடங்கு. அரசு மருத்துவமனை மருத்துவர்களுக்குச் சரியாகச் சாப்பாடு கிடைக்கவில்லை, ரேஷன் பொருள் வினியோகத்தில் முறைகேடு என்று உள்ளூர் இணையச் செய்தித் தளம் ஒன்று எழுதியது. மாநகராட்சித் தரப்புப் புகாரின் பேரில் தளத்தின் நிறுவனர் கைதானார். நிருபரையும் புகைப்படக்காரரையும் மணிக்கணக்கில் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். தொற்றுநோய்ச் சட்டமும், பீதி கிளப்பும் பொய்க்கான பிரிவும் பாய்ந்தன. அன்றைக்கு பொஃப்மா இருந்திருந்தால் கைது இருந்திருக்காது. அதற்குப் பதிலாக, சாப்பாடு சரியில்லை என்ற செய்தியின் தலையில் இது பொய் என்ற அறிவிப்பு ஒட்டியிருக்கும். ஒட்டச் சொல்வதும் புகார் கொடுத்த அதே அரசுத் தரப்புதான்.

வீடியோவுக்கும் சாப்பாட்டுச் செய்திக்கும் ஒரே சட்டம், ஒரே கை. பொஃப்மா வேண்டும் என்பவர்கள் முதலாவதை நினைத்துக் கேட்கிறார்கள், சட்டம் இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்காது.

இந்தியாவில் இதை முயன்றும் பார்த்தாயிற்று. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று குறியிடத் தனக்கே ஒரு சரிபார்ப்புப் பிரிவு வைக்க 2023 ஏப்ரலில் விதி கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. பிரிவு 19(2)-ல் நீதிபதிக்கு இருக்கும் இடம் நடைமுறையில் எவ்வளவு என்பதற்கு இது ஒரு அளவு.

இதை வைத்து இங்கே பத்திரிகைக்காரர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பின் 2024 பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 180 நாடுகளில் சிங்கப்பூர் 126, இந்தியா 159. இவ்வளவு சட்டம் உள்ள நாடு நமக்கு மேலே. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 2024 ஜனவரியில் பல்லடம் பக்கம் ஒரு தொலைக்காட்சி நிருபர், தன்னை ஆட்கள் பின்தொடர்கிறார்கள் என்று போலீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்துகொண்டே இருந்தார். போலீஸ் வருவதற்குள் அரிவாளால் வெட்டினார்கள். அந்தப் போன் ஆடியோவைக் கேட்காதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. சிங்கப்பூர் நிருபருக்கு அந்த பயம் கிடையாது. அவருக்குள்ள பயம் வக்கீல் நோட்டீஸ், உரிமம், வேலை.

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு இதில் என்ன?

சிங்கப்பூரில் மகனோ மருமகனோ வேலை செய்தால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

1. பொஃப்மா பொதுப் பதிவுகளோடு நிற்பதில்லை. மூடிய குழுக்களில், தனிச் செய்திகளில் பரவுவதற்கும் அது பொருந்தும் என்று அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அனுப்பினாலும், அது சிங்கப்பூரில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தால் சட்டத்துக்குள் வரும். அவினாசியில் இருக்கும் பெரியப்பா மீது நடவடிக்கை எடுக்க நடைமுறையில் வழியில்லை. அதை அங்கிருக்கும் பையன் தன் டார்மிட்டரி குழுவுக்கு ஃபார்வர்டு செய்தால் கதை வேறு.

2. பிரிவு 14 தரும் பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டும். ஒர்க் பெர்மிட்டில் போனவருக்கு அந்த உரிமை கிடையாது. சம்பளப் பாக்கி, காயம் பற்றிப் புகார் செய்ய மனிதவள அமைச்சு இருக்கிறது, அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஃபேஸ்புக்கில் எழுதுவதற்கு அதே பாதுகாப்பு இல்லை. தொழிலாளர் விடுதி நிலைமை பற்றி 2021-ல் பதிவு எழுதிய வங்கதேசத் தொழிலாளர் கவிஞர் ஒருவருக்கு, ஏறக்குறைய 19 வருடம் அங்கே இருந்த பிறகு, பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. பதிவில் சொன்னது பொய் என்றது அமைச்சு. வழக்கு இல்லை, அபராதம் இல்லை, ஊருக்குப் போக வேண்டியதாயிற்று.

3. திருத்த உத்தரவு வந்தால் அது குற்றப்பத்திரிகை ஆகாது. சொன்னபடி அறிவிப்பைப் போட்டால் அந்த உத்தரவைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது. போட்டுக்கொண்டே மேல்முறையீடும் செய்யலாம். பயந்துபோய் பதிவை அழித்துவிட்டு போனை அணைத்து வைப்பவர்தான் உத்தரவை மீறியவர் ஆகிறார்.